வண்டி வேர்க்குது

1. பருத்திப்பட்டில் நின்ற பஸ்

எங்கள் கம்பெனியின் முதல் ஹைட்ரஜன் பஸ், ரோட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே பருத்திப்பட்டு ஏரி ஓரத்தில் நின்றது. பழுதாகி நிற்கவில்லை. டிரைவரே நிறுத்தி, உள்ளே இருந்தவர்களை இறக்கி, தள்ளிப்போய் நிற்கச் சொல்லிவிட்டு எனக்கு போன் செய்தார்.

"தங்கச்சி, லீக் ஆவுது."

அவர் பெயர் ஜாபர். பூந்தமல்லிக்காரர். கம்பெனியில் எல்லோருக்கும் ஜாபர் பாய். தண்ணி லாரி, ஸ்கூல் வேன், டீசல் பஸ் எல்லாம் ஓட்டிவிட்டு எங்களிடம் வந்தவர். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த பஸ்ஸின் ஃப்யூயல் செல்லை அசெம்பிள் செய்யும் செக்‌ஷனில், லீக் டெஸ்ட் பெஞ்சில் வேலை செய்கிறேன். என் பெயர் விஜயா. படிப்பு பிளஸ் டூ. கணவர் ஆவடியில் டிபன்ஸ் ஃபேக்டரி வேலை, குடியிருப்பது அங்கேயே குவார்ட்டர்ஸில்.

ஃப்யூயல் செல் என்றால் என்ன என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே பிளாஸ்டிக் பேப்பர் போல ஒரு ஜவ்வு வைத்து, இறுக்கி முடுக்கிய ஒரு கட்டு. அதற்கு ஸ்டாக் என்று பெயர். ஒரு பக்கம் ஹைட்ரஜன் போகும், மறுபக்கம் காற்று போகும். இரண்டும் ஜவ்வு வழியாகச் சேரும்போது கரன்ட் வரும். அந்த கரன்ட்டில் மோட்டார் ஓடும். புகை கிடையாது. கடைசியில் மிஞ்சுவது வெறும் தண்ணீர்.

அந்தக் கட்டில் எங்கேயும் காஸ் கசியாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. எல்லா வாயையும் ரப்பர் பிளக்கால் அடைத்து, உள்ளே பிரஷர் கொடுத்து, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மெஷினில் வைத்து இன்னொரு முறை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நான் சொன்ன 'உள்ளேன் டீச்சர்' டீச்சருக்குக் கேட்காமல், எத்தனையோ நாள் ஆப்சென்ட் வாங்கியிருக்கிறேன். குமிழைப் பார்ப்பதற்கு வாய் தேவையில்லை. அதனாலேயே இந்த வேலை எனக்குப் பிடித்தது.

சமையல் காஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். நாற்றம் வரட்டும் என்றே அதில் ஒன்றைக் கலக்கிறார்கள். எங்கள் ஹைட்ரஜனில் அதைக் கலக்க முடியாது, கலந்தால் ஜவ்வில் இருக்கும் மருந்துப் பூச்சு கெட்டுப்போகும். ஆக, நாற்றமும் கிடையாது, பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் நெருப்பும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் 'லீக்' என்று யார் சொன்னாலும் திருப்பிக் கேள்வி கேட்கக்கூடாது, உடனே பெல் அடிக்க வேண்டும் என்பது ரூல்.

நானும் அடித்தேன். தீயணைப்பு வண்டி போனது. ஆவடிப் பக்கமும் பூந்தமல்லிப் பக்கமும் டிராபிக்கை நிறுத்தினார்கள். எங்கள் என்ஜினீயர் நிவேதா மேடமும் நானும் டிடெக்டர் கருவியை எடுத்துக்கொண்டு காரில் பறந்தோம். நான் பஸ்ஸைச் சுற்றி, அடியில், கூரைமேல் டேங்க் பக்கம் என்று எல்லா இடத்திலும் கருவியைக் காட்டினேன். முள் அசையவில்லை.

"எங்க பாய் லீக்கு?" என்று மேடம் கேட்டார்.

ஜாபர் பாய் பஸ்ஸின் பின்பக்கம் குனிந்து கையைக் காட்டினார். சின்ன குழாய் ஒன்றிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து, தார் ரோட்டில் ஒரு தட்டு அளவுக்கு ஈரமாகியிருந்தது.

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். ஃப்யூயல் செல் ஓடுகிறது என்பதற்கு அடையாளமே அந்தத் தண்ணீர்தான்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. எதிரே டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னா பாய், வண்டி ஒண்ணுக்குப் போவுது, அதுக்கா ரோட்டையே மடக்கினீங்க?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. தீயணைப்புக்காரர்களும் சிரித்தார்கள். ஜாபர் பாய் மட்டும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் கம்பெனியில் அவர் பெயர் 'லீக் பாய்' ஆகிவிட்டது.

2. பெயர் வைத்தோம்

அந்த பஸ் எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். பூந்தமல்லியிலிருந்து பருத்திப்பட்டு, ஆவடி, திருமுல்லைவாயில் வழியாக எங்கள் ஆட்களையே ஏற்றி வந்து இறக்கும் டிரையல் பஸ் அது. டிரையல் முடிவில் வாங்கப்போகிறவர்கள் வந்து ஏறிப் பார்ப்பார்கள். அவர்களுக்குத் திருப்தியானால் பத்து பஸ்ஸுக்கு ஆர்டர். இல்லாவிட்டால் எங்கள் செக்‌ஷனை மூடிவிட்டு, மெஷின்களை வெளி மாநிலத்தில் இருக்கும் தலைமை ஃபேக்டரிக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்கள். மெஷின் போகும், நாங்கள் போக முடியாது. பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் வீடு இங்கே.

அதனால் மறுநாள் மேனேஜர் தணிகாசலம் சார் கூப்பிட்ட மீட்டிங்கில் ஒருவர் முகத்திலும் களையில்லை. சார் நல்ல மனிதர், கோபம் மட்டும் கொஞ்சம் முன்னால் வந்துவிடும்.

"தண்ணி வரும்னு டிரெயினிங்ல சொன்னோமா இல்லையா பாய்?"

"சொன்னீங்க சார். ஆவி மாரி வரும்னு நெனச்சிகினு இருந்தேன். அப்பால நீங்கதான சொன்னீங்க, துளி லீக் ஆனாலும் வண்டிய நிறுத்து, எறங்கு, போன் பண்ணுன்னு. டீசல் வண்டில எண்ண ஒழுகினாலும் லீக்குதான், ரேடியேட்டர் ஒழுகினாலும் லீக்குதான். கண்ணுல பாத்தேன், நிறுத்தினேன். நான் நிறுத்தாம போயி அது காஸா இருந்தா?"

நிவேதா மேடம்தான் பாய் சொல்வது சரி என்றார். காஸுக்கும் லீக், தண்ணீருக்கும் லீக் என்று ஒரே வார்த்தை இருந்தால் யாராக இருந்தாலும் குழம்பத்தான் செய்வார்கள், தண்ணீருக்கு வேறு பெயர் வைப்போம் என்று சொன்னார்.

டிரெய்னேஜ் என்றார் ஒருவர். சாக்கடையா என்று இன்னொருவர் மூக்கைச் சுளித்தார். வடிகால் என்றார் சார். கார்ப்பரேஷன் போர்டு மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். கடைசி வரிசையில் இருந்த எனக்கு மனதில் ஒன்றிரண்டு தோன்றியது, வாயைத் திறக்கவில்லை.

ஜாபர் பாய் தோளில் இருந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மே மாத வெயில், மீட்டிங் ரூமில் ஒரே ஒரு ஃபேன். அவர் துடைத்த துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வேல செஞ்சா எனக்கு வேர்க்குது. அதுவும் வேல செய்யுது, அதுக்கும் வேர்க்குது. அவ்ளோதான சார்?"

சார் எழுந்து போர்டில் இரண்டு வரி எழுதினார். காஸ் வந்தால் லீக், தண்ணீர் வந்தால் வேர்வை. லீக் என்றால் நிறுத்து, வேர்த்தால் ஓட்டு.

அன்று முதல் எங்கள் செக்‌ஷனில் வேறு பேச்சே இல்லை. பாய் காலையில் ஆட்களை இறக்கிவிட்டு எங்கள் பெஞ்சைத் தாண்டிப் போகும்போது, "இன்னிக்கு நல்லா வேர்த்துச்சு தங்கச்சி" என்பார். மேம்பாலம் ஏறினால் அதிகமாக வேர்க்கிறது, சிக்னலில் நின்றால் அடங்குகிறது என்று அவரே கண்டுபிடித்தார். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோட்டில் ஈரக்கோடு தெரியுமாம். நிவேதா மேடம் முதலில் சிரித்தவர், பிறகு தினமும் அதைக் கேட்டுக்கொண்டு தன் லேப்டாப்பில் இருக்கும் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தார். பாய் சொன்ன நாளெல்லாம் கணக்கும் ஒத்துப்போனது.

'லீக் பாய்' என்ற பெயர் மட்டும் போகவில்லை. பருத்திப்பட்டு டீக்கடை ஓரம் பஸ் வேகம் குறைந்தால் போதும், கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கையாட்டுவாராம். "ஒருநாள் அந்தாளு கடையில எறங்கி, நெஞ்ச நிமித்திகினு டீ குடிக்கணும் தங்கச்சி" என்று பாய் சொல்லுவார்.

3. புதுத் தரை

வாங்கப்போகிறவர்கள் வரும் நாள் வந்தது. ஷெட்டின் தரைக்குப் புதிதாகச் சாம்பல் நிற பெயின்ட் அடித்து, மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை சிவப்பு கார்ப்பெட். பஸ்ஸுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கற்பூரம் மட்டும் எங்கள் ஷெட்டில் கிடையாது, அதற்கு வந்திருந்த ஐயரும் பழகிவிட்டார்.

குழுவுக்குத் தலைமையாக ஒரு அம்மா வந்திருந்தார். பருத்திச் சேலை, மூக்குக் கண்ணாடி, அதிகம் பேசவில்லை. எதைச் சொன்னாலும் தலையாட்டாமல் உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார். தணிகாசலம் சாருக்கு அவர் தலையாட்டாததே பயத்தைக் கொடுத்தது என்று பிறகு சொன்னார்.

பஸ்ஸில் பாதுகாப்புக்கு டிடெக்டரோடு ஒரு ஆள் போக வேண்டும். அது நான். பின் சீட்டில் உட்கார்ந்தேன். அம்மாவும் அவரோடு வந்தவர்களும் முன்னால். நிவேதா மேடம் லேப்டாப்போடு நடுவில். ஜாபர் பாய் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். சத்தமே இல்லை. வந்தவர்களில் ஒருவர், "ஸ்டார்ட் பண்ணிட்டாரா?" என்று கேட்டார். சார் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

அம்பத்தூர் தாண்டி, திருமுல்லைவாயில் தாண்டி, வண்டி வெண்ணெயில் கத்தி போல போய்க்கொண்டிருந்தது. ஆனால் பாய் அடிக்கடி இடதுபக்கக் கண்ணாடியைப் பார்ப்பதை நான் பின்னாலிருந்து கவனித்தேன்.

4. ஆவடியில்

ஆவடியில் வண்டியை நிறுத்தி, கூரைமேல் இருக்கும் டேங்க்கைக் காட்டுவதாக ஏற்பாடு. எல்லோரும் இறங்கினார்கள். சார் பேச ஆரம்பித்தார். பாய் என் பக்கம் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"தங்கச்சி, வண்டி வேர்க்கல."

நான் பின்னால் போய்க் குனிந்தேன். வெயில் கொளுத்துகிறது, அம்பத்தூரிலிருந்து வந்திருக்கிறது, குழாயின் வாய் காய்ந்து கிடந்தது. ரோட்டில் ஒரு சொட்டு இல்லை. டாஷ்போர்டில் எல்லா விளக்கும் பச்சை. வேர்வை வெளியே வரவில்லை என்றால் உள்ளேதான் நிற்கிறது. உள்ளே நின்றால் தகடுகளின் இடுக்கில் தண்ணீர் ஏறும், காற்று போக வழியில்லாமல் கட்டில் இருக்கும் அடுக்குகள், அதாவது செல்கள், ஒவ்வொன்றாகப் படுக்கும், பிறகு பஸ் நிற்கும். இந்த முறை உண்மையாகவே நிற்கும். ஆவடியை விட்டால் அடுத்தது பருத்திப்பட்டு.

சாரிடம் போய் மெதுவாகச் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல், எல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது, பூந்தமல்லி போய்த் திரும்பி வந்து பார்க்கலாம் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில், அந்த ஆட்களுக்கு முன்னால், பானெட்டைத் திறந்து காட்ட யாருக்குத்தான் மனசு வரும்?

அம்மா படியில் கால் வைத்துவிட்டார். பாய் என்னைப் பார்த்தார். அவரே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஏற்கனவே ஒருமுறை நிறுத்தி ஊர் சிரித்தது. இரண்டாம் முறை 'லீக் பாய்' சொன்னால் யார் நம்புவார்கள்? சொல்ல வேண்டியது நான்.

எப்படிச் சத்தம் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்தது.

"வண்டி வேர்க்கல சார். இப்படியே எடுக்கக்கூடாது."

அம்மா படியிலிருந்து காலை எடுத்தார்.

"என்ன வேர்க்கலம்மா?" என்று என்னைப் பார்த்தே கேட்டார்.

நிவேதா மேடம் அதற்குள் லேப்டாப்பைத் திறந்துவிட்டார். நான் சொன்னதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தார். "ஓரத்துல இருக்கிற செல்லெல்லாம் இறங்க ஆரம்பிச்சிருக்கு. சிவப்பு விளக்கு எரியற அளவுக்கு இன்னும் வரல. விஜயாக்கா சொல்றது சரி, குழாயப் பாருங்க" என்றார்.

நான் ரோட்டில் மண்டியிட்டேன். பாய் டார்ச் அடித்தார். குழாய்க்குள் ஒரு விரல் ஆழத்தில் ஏதோ நீலமாகத் தெரிந்தது. பிளையரை விட்டு இழுத்தேன். வந்தது ஒரு ரப்பர் பிளக். அதைத் தொடர்ந்து தண்ணீர் என் முழங்கை, சேலை, செருப்பு எல்லாம் நனைத்துக்கொண்டு பீய்ச்சியடித்தது. பிறகு வாய்க்கால் போல ரோட்டோரம் ஓடியது.

பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு கேட்டார். "அண்ணாத்தே, தண்ணி லாரியா இது? ஊட்டாண்ட வருமா?"

"லாரிய எப்பவோ வுட்டுட்டேன் மாமே. இது பஸ்ஸு" என்றார் பாய்.

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். தலையாட்டாத மனுஷி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். பிறகு என்னிடம் விளக்கம் கேட்டார். சாரிடமோ மேடத்திடமோ கேட்கவில்லை, பிளக்கோடு நனைந்து நின்ற என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். ஹைட்ரஜன் ஒரு பக்கம், காற்று மறுபக்கம், நடுவில் ஜவ்வு, கரன்ட், மிஞ்சுவது தண்ணீர், அதற்கு நாங்கள் வைத்த பெயர், அது வந்த கதை, பருத்திப்பட்டில் ரோட்டை மடக்கியது வரை சொன்னேன். அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியது என் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் முறை என்று என் கணவர் இப்போதும் சொல்வார்.

அம்மா பாயின் பக்கம் திரும்பினார். "டாஷ்போர்டு சொல்லாதது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மே மாசத்துல ஒரு ஆளுக்கு வேர்க்கலன்னா டாக்டராண்ட இட்டுகினு போவ மாட்டீங்களா மேடம்?"

நிவேதா மேடம் காற்றை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு உள்ளே தங்கியிருந்த ஈரத்தை வெளியேற்றினார். செல்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பாய் குனிந்து பார்த்தார். குழாயின் வாயில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, ரோட்டில் விழுந்தது.

"வேர்க்குது சார். ஏறுங்க."

பூந்தமல்லி போய்த் திரும்பினோம். எங்கேயும் நிற்கவில்லை. இல்லை, ஒரு இடத்தில் நின்றோம். திரும்பி வரும்போது பருத்திப்பட்டில் பாய் வண்டியை ஓரம் கட்டி, எல்லோருக்கும் டீ சொல்லட்டுமா என்று அம்மாவிடமே கேட்டார். டீக்கடைக்காரர் மாலை போட்ட பஸ்ஸையும், அதிலிருந்து இறங்கிய பெரியவர்களையும், அவர்களுக்கு நடுவில் துண்டை உதறிக்கொண்டு வந்த பாயையும் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தவில்லை. கிளாஸை இரண்டு முறை கழுவினார்.

5. பிளக் எப்படி வந்தது

நீல பிளக் என் பெஞ்சில் இருப்பதுதான். லீக் டெஸ்ட்டுக்கு ஸ்டாக்கின் வாய்களை அடைக்கிற அதே பிளக். அதை எடுத்துப் போய்க் குழாயில் செருகியவர் ஹவுஸ்கீப்பிங் ராணியக்கா. சார் கூப்பிட்டுக் கேட்டதும் மறைக்காமல் சொன்னார்.

"புதுத் தரை சார். கார்ப்பெட்டு வேற. ஊட்டுக்கு ஆளுங்க வர்ற நேரத்துல வண்டி ஒழுகிகினு நின்னா நமக்குத்தான அசிங்கம்? ஓட்டைன்னா இந்தப் புள்ளைங்க இதத்தான் வெச்சு அடைக்குதுங்க, நானும் அடைச்சேன்."

சார் கத்துவார் என்று நினைத்தோம். அவர் போர்டில் தான் எழுதிய இரண்டு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவருக்குச் சொன்னோம், பெஞ்சுக்குச் சொன்னோம், ராணியக்காவுக்கு யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்றே வாட்ச்மேன், கேன்டீன், தோட்ட வேலை வரை எல்லோரையும் பஸ்ஸைச் சுற்றி நிற்கவைத்து அந்தக் குழாயைக் காட்டினார்கள். ராணியக்கா இப்போது குழாய்க்கு அடியில் தானே ஒரு எவர்சில்வர் டிரே வைக்கிறார். அதில் சேரும் தண்ணீரை வாசல் செம்பருத்திக்கு ஊற்றுகிறார். பக்கத்து கம்பெனிக்காரர்களிடம், பஸ்ஸோட வேர்வையில வளர்ற செடி என்று சொல்லிக் காட்டுவதும் அவர்தான்.

பத்து பஸ்ஸுக்கு ஆர்டர் வந்தது. செக்‌ஷன் மூடவில்லை, பெஞ்ச் இரண்டாயிற்று. புது பஸ்களில் தண்ணீர் உள்ளே தேங்கினால் டிரைவருக்குத் தெரிகிற மாதிரி ஒரு சென்சாரும் விளக்கும் நிவேதா மேடம் சேர்த்தார். அந்த விளக்குக்குக் கீழே என்ன எழுதுவது என்று டிசைன் ஆபீஸிலிருந்து இங்கிலீஷில் மூன்று பெயர் அனுப்பினார்கள். மேடம் மூன்றையும் அடித்துவிட்டார். இன்று ஆவடி, அம்பத்தூர் ரோட்டில் ஓடும் அந்த பஸ்களில் யார் ஏறினாலும், டிரைவர் பக்கம் எட்டிப் பார்த்தால் தமிழில் ஒரு வார்த்தை தெரியும்: வேர்வை.

புது டிரைவர்களுக்கு டிரெயினிங் எடுப்பது இப்போது ஜாபர் பாயும் நானும். ஆம், நானும்தான். முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். முதல் நிமிடம் பேச இன்றும் எனக்கு வராது. அப்போது நான் ஸ்லைடு எதையும் போடுவதில்லை. எல்லோரையும் எழுப்பி வெளியே கூட்டிப்போய், ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸின் பின்னால் நிறுத்தி, ஒவ்வொருவரையும் குழாய்க்கு அடியில் கை நீட்டச் சொல்கிறேன். சொட்டு விழும். கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார்கள். ஒன்றும் இருக்காது.

என் வேலையில் நான் கற்றுக்கொண்டது இதுதான். புது மெஷின் ஒன்று ஊருக்கு வந்தால், அது செய்வதற்கெல்லாம் நம் வாயில் வருகிற பெயர் வைக்க வேண்டும், அந்தப் பெயரை அதைத் தொடுகிற கடைசி ஆள் வரை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அது தன் உடம்புக்கு என்ன என்பதை யாராவது ஒருவர் மூலமாகச் சொல்லிவிடும். சொல்கிற ஆளுக்குச் சத்தம் வராமல் போனால் மட்டும்தான் ஆபத்து. அதனால் அந்த முப்பது பேரையும் விடுமுன் ஒரு தடவை உரக்கச் சொல்லவைக்கிறேன். கடைசி வரிசையில் ஒருவர் எப்போதும் உதட்டை மட்டும் அசைப்பார். அவரைத்தான் முன்னால் கூப்பிடுவேன்.

"எனக்குக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க. வண்டி என்ன பண்ணுது?"